வெள்ளையம்மாள் கண்ட கனவு

"இலக்கியத்தைக் கலைக்கண் கொண்டு காணவேண்டும், அதில் ஆண் என்றும் பெண் என்றும் பிரித்துக் கணக்குப் பார்ப்பது மலரைப் பிய்த்து இதழ் எண்ணுவது போன்றதாகும்" என்று புலவர் பெருமக்கள் நமக்கு அடிக்கடி அறிவுரை வழங்குகின்றனர். அறிவுரைக்கு நன்றி. ஆனால் அந்தக் கலைக்கண் யாருடைய முகத்தில் இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? ஈராயிரம் ஆண்டுகளாக ஏடு எழுதியவர்களும், உரை வகுத்தவர்களும், அரங்கேற்றம் கண்டவர்களும், பொற்கிழி பெற்றவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் பெண்ணைப் பற்றி எழுதியதைப் பெண்ணின் பக்கம் நின்று ஒருமுறை படித்துப் பார்ப்போமே என்றால், மலர் வாடிவிடுமாம்!

இலக்கியத்தைக் கேள்வி கேட்பது நமக்குப் புதிதன்று. 1943ஆம் ஆண்டில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், பின்னர்ச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அறிஞர் அண்ணா கம்பராமாயணம் குறித்துச் சொற்போர் நிகழ்த்தினார். 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அவ்வுரைகள் நூலாகி இளைஞர்தம் கைகளில் தவழ்ந்தன. ஒரு காவியம் ஓர் இனத்தைத் தலைகுனியச் செய்கிறதா என்பது அன்று எழுந்த வினா. அதற்கும் முன்பே, குடி அரசு ஏட்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, தந்தை பெரியார் வேறொரு வினாவை எழுப்பியிருந்தார். பெண்ணுக்கு மட்டும் கற்பு என்ற விலங்கைப் பூட்டியது யார் என்று கேட்டவர், தமிழர் தலைமேல் வைத்துப் போற்றும் வள்ளுவரையும் விடவில்லை. குறளை ஒரு பெண் இயற்றியிருந்தால் பெண்ணைப் பற்றிய இக்கருத்துகள் இதே வடிவில் வந்திருக்குமா என்று கேட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் அந்த வினாவை இன்றும் படிக்கலாம். எழுதியவன் ஆணா பெண்ணா, எழுதிய இடம் எது, எழுதப்பட்டவள் என்ன ஆனாள் என்று ஆராய்வதற்கு இன்று பல்கலைக்கழகங்கள் 'பெண்ணியத் திறனாய்வு' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. பெயர் பின்னால் வந்தது. வினா ஈரோட்டிலிருந்து முன்னமே புறப்பட்டுவிட்டது.

இந்த வினாவைச் சிலம்பின்மீதும் குறளின்மீதும் தொடுத்துப் பழகிய நாம், நம் காலடியில் கிடக்கும் நாட்டுப் பாடல்மீது அதைத் தொடுப்பது அரிது. பாமர மக்களின் பாட்டு என்ற பரிவு நம்மைத் தடுத்துவிடுகிறது. ஆகவே இம்முறை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போவோம்.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உப்பளங்களைக் கடந்து வடமேற்கே சென்றால் கரிசல் விரியும். ஒட்டப்பிடாரத்தை அடுத்து அந்த ஊர். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்து முற்றுகையிட்ட மண்கோட்டை அங்கேதான் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினான். மார்ச் இறுதியில் வெள்ளையர் தொடுத்த தாக்குதலை அம்மண்சுவர் முறியடித்தது. மே 24இல்தான் வீழ்ந்தது. இன்று அங்கே நிற்பது 1974இல் கலைஞர் ஆட்சியில் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டை. சுவரெங்கும் போர்க்காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. பக்கத்தில் சக்கம்மாள் கோயில். ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா.

இத்தனை வரலாற்றையும் எழுத்தறியாத மக்கள் நெஞ்சில் நிறுத்தியது பாட்டுத்தான். கூத்தாகவும் கும்மியாகவும் கதைப்பாடலாகவும் அது பரவியது. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடல்களுள் கட்டபொம்மு கதையும் ஒன்று. ஒட்டப்பிடாரத்து ஜெகவீரபாண்டியனார் 'பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்' எழுதினார். 1959இல் பி. ஆர். பந்துலு படமெடுத்தார், சிவாஜி கணேசனின் முழக்கம் நாடெங்கும் எதிரொலித்தது. அந்தப் படத்தில் பத்மினி ஏற்ற வேடத்தின் பெயர் வெள்ளையம்மாள். தளபதி வெள்ளையத்தேவனின் மனைவி. போருக்குப் புறப்படும் கணவனை மறித்து, தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லிப் போகவேண்டாம் என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. போகிறான், மாள்கிறான். அவளும் மாள்கிறாள். படத்துக்கு முன்னரே கூத்து மேடையில் இந்தக் காட்சிக்கென்று மக்கள் விடிய விடிய விழித்திருந்தனர். நெல்லைச் சீமையில் இந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்காத தாய்மார் இல்லை.

சென்ற ஆண்டு நம் படிப்பகத்தில் இக்கதைப்பாடலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படிப்பகம் என்றால் பெரிதாக எண்ணிவிடவேண்டாம். ஓட்டுக் கூரை, இரண்டு நீண்ட பெஞ்சு, ஒரு பீரோ, சுவரில் பெரியார் படம். கல்லூரி மாணவர்கள், துறைமுகத்துச் சுமைதூக்கும் தோழர் ஒருவர், அளத்து வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண்கள் மூவர். கனவுக் காட்சி வந்ததும் ஓர் இளந்தோழர் கொதித்தார். "இதுதான் மூடநம்பிக்கை! கனவாம், சகுனமாம்! நாட்டுக்காகப் போருக்குச் செல்லும் வீரனைக் கனவு சொல்லித் தடுப்பதா? இந்தப் பகுதியை மேடையில் பாடவே கூடாது" என்றார். கைதட்டலும் கிடைத்தது. பகுத்தறிவாளன் கனவைப் பலன் சொல்லும் ஏடாகக் கொள்வதில்லை. அந்த அளவில் தோழர் கூறியது சரியே.

அப்போது அளத்துப் பெண்களுள் இளையவர் கேட்டார்: "கனவு கண்டேன்னு சொல்லாம, வேற எப்படிச் சொன்னா அவளைப் பேச விட்டிருப்பாங்க அண்ணாச்சி?"

அவையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு நடந்த விவாதத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

எண்ணிப் பாருங்கள். கொலு மண்டபத்தில் கட்டபொம்மன் இருக்கிறான், தானாபதிப் பிள்ளை இருக்கிறார், ஊமைத்துரை இருக்கிறான், வெள்ளையத்தேவன் இருக்கிறான். திருவைகுண்டத்து நெற்களஞ்சியத்தில் தானாபதியின் ஆட்கள் கைவைத்தது பற்றியும், கும்பினியாரின் ஓலை பற்றியும், பீரங்கி பற்றியும் அங்கே பேசுகிறார்கள். வெள்ளையம்மாளுக்கு அங்கே இருக்கை இல்லை. ஆனால் கோட்டைக்குள் அரிசி எவ்வளவு இருக்கிறது, கிணற்றில் நீர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை மிஞ்சியிருக்கிறான் என்பது கோட்டைக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாதா? மண்சுவரைப் பீரங்கி என்ன செய்யும் என்று அறியக் கல்வி வேண்டுமா? "நம்மால் இந்தப் போரை வெல்ல இயலாது, வேறு வழி காணுங்கள்" என்று அவள் சொல்லியிருந்தால், "பெண்புத்தி பின்புத்தி" என்று வாயை அடைத்திருப்பார்கள். ஆகவே கவிஞன் அவளுக்குக் கனவைக் கொடுத்தான். கருத்துச் சொல்ல உரிமையில்லாதவள் கனவு சொல்லலாம் அல்லவா? கொலுவில் பேச முடியாததைக் கட்டிலறையில், அதுவும் தான் எண்ணியதாக அன்றி, எங்கிருந்தோ வந்து தன்னைப் பிடித்ததாகச் சொல்லலாம். கனவு அவளுடைய மூடத்தனத்தைக் காட்டுவதாக நம் இளந்தோழர் கொண்டார். அவளை வைத்திருந்த இடத்தைக் காட்டுவதாக அளத்துப் பெண் கண்டார். இரண்டாவது வாசிப்பே நமக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது. கனவை நம்பாமலே கனவைப் படிக்கலாம்.

இந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு பிற ஏடுகளுக்குள் நுழைந்தால் வியப்பு மேல் வியப்பு! சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீக்கனவு கண்டு தேவந்தியிடம் உரைக்கிறாள். பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் தீமை நீங்கும் என்று அவள் பரிகாரம் சொல்ல, அது நமக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். (கண்ணகியை வழிபடுவோர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவது ஏனோ!) அதே காப்பியத்தில் பாண்டிமாதேவி கோப்பெருந்தேவி, செங்கோலும் குடையும் வீழக் கனாக் கண்டேன் என்று மன்னனிடம் சொல்கிறாள். மன்னன் அரியணையில் அமர்கிறான். வாயிலில் சிலம்போடு ஒருத்தி வந்து நிற்கிறாள். அரசியின் எச்சரிக்கையால் அரசு நெல்முனையும் அசையவில்லை. கடல் கடந்தும் இதே கதை. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கல்பூர்னியா கனவு கண்டு கணவனைத் தடுக்கிறாள். சீசர் முதலில் இசைகிறான். பிறகு ஓர் ஆண் வந்து அதே கனவுக்கு வேறு பொருள் கூறியதும் அவைக்குப் போகிறான், குத்துண்டு சாகிறான். பெண் கண்ட கனவுக்குப் பொருள் கூறும் உரிமைகூட ஆணுக்கே!

ஆண் கனவே காண்பதில்லையா? காண்கிறான். பெரியபுராணத்தில் பூசலார் கதையைப் புரட்டுங்கள். காஞ்சியில் கற்கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் தோன்றி, வேறு நாள் பார் என்கிறான். மன்னன் மறுநாள் எழுந்து விழாவை நிறுத்திவிட்டுத் திருநின்றவூருக்கு ஆளைத் தேடிப் புறப்படுகிறான். ஆண் கண்ட கனவுக்காக அரசு நகர்கிறது, விழா நிற்கிறது, பொக்கிஷம் திறக்கிறது. பெண் கண்ட கனவுக்காக ஒரு குதிரையின் சேணமும் அவிழ்வதில்லை. இரண்டு கனவும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவையே, ஐயமில்லை. ஆனால் ஒவ்வாத இரண்டில் ஒன்று ஆணையாகவும் மற்றொன்று அழுகையாகவும் ஆனது எப்படி? இந்த வேறுபாட்டைக் கண்டறியாமல் "கனவு பொய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதிப் பகுத்தறிவு.

வெள்ளையத்தேவன் வீழ்ந்த பின் அவளும் மாள்கிறாள் என்றோமே, அந்த இடத்தில் கதை சொல்லிகள் யாவரும் குரலை உயர்த்துகிறார்கள். உயிரோடு இருந்தபோது கேட்கப்படாத பேச்சு, செத்த பின் பத்தினித்தன்மையாகிவிடுகிறது. தென்பாண்டிச் சீமையில் தீப்பாய்ந்த பெண்களுக்குக் கட்டிய கோயில்கள் எத்தனை! உடன்கட்டையைச் சட்டம் தடுத்தது வங்காளத்தில் 1829இல், சென்னை மாகாணத்தில் 1830இல். பாட்டில் அது தடைபடவே இல்லை. வாழவிடத் தெரியாத சமுதாயம் வணங்க மட்டும் தெரிந்துவைத்திருந்தது.

இதற்கு மாறாகப் பெண்ணே பாடினால் எப்படியிருக்கும்? புறநானூற்றின் 246ஆம் பாட்டு பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. ஈமத்தீயில் இறங்கவேண்டாம் என்று தடுத்த சான்றோரை அவள் சாடுகிறாள். கற்பின் சிகரம் என்று உரையாசிரியர்கள் உச்சிமேல் வைத்தனர். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் வேறொன்று புலப்படும். கைம்பெண் உண்ணும் நெய்யில்லாச் சோறும், வெந்த கீரையும், பாயில்லாமல் பருக்கைக் கல்மேல் படுக்கும் படுக்கையும் அவள் பாட்டில் வரிசையாக வருகின்றன. அந்த வாழ்வைவிடத் தீ குளிர்ச்சியானது என்பதே அவள் வழக்கு. புலவர்கள் தீயைப் பார்த்துக் கைகூப்பினர். அவளோ சோற்றைக் காட்டினாள். கைம்மை நோன்பின் கொடுமைக்கு அரசமாதேவியே எழுதிவைத்த சாட்சியம் அது. வெள்ளையம்மாள் தானே பாடியிருந்தால் என்ன பாடியிருப்பாள் என்று நாம் ஏங்குவதற்கு இந்த ஒரு பாட்டே காரணம்.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றிக் கூத்தில்லை, கோயிலில்லை, சுவரோவியமும் நாம் கண்டதில்லை. அவளைப் பற்றி எழுதிவைத்தவன் எதிரி! 1801 போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830இல் வெளியிட்ட தன் போர் நினைவுகளில் அவளைக் குறித்திருக்கிறான். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் அச்செய்தி இடம்பெற்றது.

கோட்டை வீழ்ந்த அன்று பிணக்குவியலுக்கிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். பக்கத்துச் சிற்றூர்க்காரி. மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தூக்க முனைந்தவளிடம், என்னை விடு, அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்று என்கிறான். அவளும் உடன் வந்த பெண்களும் படுகாயமுற்ற ஊமைத்துரையைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். பெண்கள் அவன்மேல் துணியைப் போர்த்தி, மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள்: பெரியம்மை கண்டு இறந்துவிட்டான் என்று! வந்தவர்கள் எட்டிப் பார்க்கவும் அஞ்சி ஓடினர். ஊமைத்துரை பிழைத்தான்; மருதிருவரோடு சேர்ந்து மேலும் பல மாதங்கள் வெள்ளையனை அலைக்கழித்தான்; 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவன் உயிர் பறிக்கப்பட்டது.

அம்மையை அம்மன் என்று அஞ்சிய காலம் அது. அம்மை குத்தும் முறை இந்திய மண்ணில் கால் வைத்ததே அடுத்த ஆண்டு, 1802இல், பம்பாயில். ஆகவே அந்த அச்சத்தில் மூடநம்பிக்கையும் உண்டு, நியாயமும் உண்டு. ஆயுதம் தாங்கிய ஆண்களின் அச்சம் எது என்பதை அறிந்து, அதையே ஆயுதமாக்கிய அறிவு அப்பெண்களுடையது. பெண்ணின் ஒப்பாரியை இலக்கணமாக வகுத்துக் கொடுத்தது ஆண் சமுதாயம். அந்த ஒப்பாரிக்குள் ஓர் உயிரை ஒளித்துவைத்தாள் அந்தத் தாய். வெள்ளையம்மாள் உண்மையைக் கனவாகச் சொன்னாள், எவரும் கேட்கவில்லை. இவள் பொய்யை அழுகையாகச் சொன்னாள், ஒரு படைப்பிரிவே கேட்டது.

அவள் பெயர் என்ன? எழுதப்படவில்லை. ஊமைத்துரை பேச இயலாதவன். அவன் பெயர் நிலைத்தது. பேசி அவனைக் காத்தவளின் பெயர் நிலைக்கவில்லை. இதையும் நம் படிப்பகத்தில் வைத்து வாதிட்டோம். "தியாகத் தாய்" என்று ஒரு தோழர் கவிதை எழுதவே தொடங்கிவிட்டார். அளத்துப் பெண் மறுபடியும் குறுக்கிட்டார்: "அந்த மகனை எடுக்கத் திரும்பி வந்தாளா?" வெல்ஷின் ஏட்டில் ஊமைத்துரையோடு கதை நகர்ந்துவிடுகிறது, களத்தில் கிடந்த மகனைப் பற்றியும், அவனை விட்டுவந்த தாயின் இரவைப் பற்றியும் அவன் அறிய வேண்டிய தேவை ஏது? மகன் ஆணையிட்டான், தாய் கீழ்ப்படிந்தாள் என்ற வாய்பாட்டில் கதை சொல்லப்பட்டிருப்பதையும் பாருங்கள். முடிவு எடுத்த பெருமை மகனுக்கு; முதுகில் சுமந்த வேலை தாய்க்கு. அவள் தானாகவே துணிந்திருக்கலாம் என்ற எண்ணம் சொன்னவனுக்கும் எழுதியவனுக்கும் தோன்றவில்லை போலும்.

வடிவு என்ற பெயரையும் இங்கே குறிக்கவேண்டும். கும்பினியாரின் வெடிமருந்தைக் கொளுத்தி மாண்ட சுந்தரலிங்கத்தோடு அவளும் மாண்டாள் என்பது இம்மண்ணின் வழக்கு. சுந்தரலிங்கத்தின் பெயரே நெடுங்காலம் உயர்சாதி நாவுகளில் ஏறவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பெண்ணின் பெயர் ஏற இன்னும் எத்தனை படி இருந்திருக்கும்!

ஆனால் சக்கம்மாள் என்ற பெயர் மட்டும் ஊரெங்கும் ஒலிக்கிறது. அது தெய்வத்தின் பெயர். கட்டபொம்மனின் மனைவிக்கும் அதே பெயர் என்கின்றனர். அவளைப் பற்றி நான்கு வரி தேடினால் கிடைப்பதில்லை.

நம் வீட்டுக் கூரையையும் சற்று அண்ணாந்து பார்ப்போம். கண்ணகியைப் பெரியார் கடுமையாக மறுத்தார். தன்னை விட்டுப் பிரிந்தவனை ஒரு சொல்லும் கேளாமல் ஏற்றவளையா பெண்ணுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது என்பது அவர் கேள்வி. ஆயினும் திராவிட இயக்கத்து மேடைகள் கண்ணகியைக் கொண்டாடின. பாரதிதாசன் 1962இல் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' படைத்தார். கலைஞரின் எழுத்தில் 1964இல் 'பூம்புகார்' திரைக்கு வந்தது. 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. 2001இல் அது அகற்றப்பட்டபோது தமிழகம் கொதித்தது. 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது. நாமும் அச்சிலையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எந்தக் கண்ணகிக்குச் சிலை என்பதே வினா. அரசவையில் நின்று, என் காற்சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்புப் பரல் எது என்று சான்று கேட்டவள் ஒருத்தி. முத்து என்றான் மன்னன், தன் வாயால் தன் குற்றத்தை மெய்ப்பித்தான். பாண்டியனின் முத்து நம் கொற்கைக் கடலின் முத்து அல்லவா! வழக்காடிய அந்தப் பெண்ணை நாம் மனமாரப் போற்றுவோம். தெய்வமாக்கப்பட்ட மற்றொருத்தியின் பெயரால் நடந்தது என்ன? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தான் என்று அக்காப்பியத்து உரைபெறு கட்டுரையே கூறுகிறது. ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்துக்கு ஆயிரம் பேர்! ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பெண்கள் தாலி இழந்தனர்; பத்தினித் தெய்வம் அதனால் மனம் குளிர்ந்ததாம். அந்த ஆயிரம் கைம்பெண்களின் பக்கம் நின்று சிலம்பைப் படித்த உரையாசிரியர் யார்?

இவ்வாறு படிப்பதற்கு ஆண் அறிஞரின் அனுமதிக்குக் காத்திராத பெண்கள் நம்மிடையே இருந்திருக்கின்றனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினத்தை எழுதினார். தேவதாசிகளைப் பற்றி ஆண்கள் எழுதிய விறலிவிடு தூதுகளும் காதல் பாட்டுகளும் மலைபோல் குவிந்திருந்த நாட்டில், அக்குலத்தில் பிறந்த பெண்ணே பேனாவைக் கையிலெடுத்தாள். நடை செப்பமில்லை, பிரசார நெடி என்று முகம் சுளித்தோர் உண்டு. நமக்கோ அந்த நெடி பிடிக்கும். பெண் தன் உடலைப் பற்றித் தானே எழுதினால் நாடு நடுங்குவது இன்றும் தீர்ந்தபாடில்லை. 2002இல் கவிஞர் குட்டி ரேவதி தம் கவிதை நூலுக்கு 'முலைகள்' என்று தலைப்பிட்டதற்கே எத்தனை வசவு! ஆண் புலவர் அதே உறுப்பைப் பாதாதிகேசம் வரை பாடியபோது அது அணிநயம்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். மே விழாவுக்குக் கூட்டமாகப் போகிறீர்கள். வாளோடு நிற்கும் சிலையருகே படம் எடுத்துக்கொள்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வயதான பெண்களிடம் உட்கார்ந்து அவர்கள் பாடும் ஒப்பாரியையும் தாலாட்டையும் கதையையும் கேட்டு எழுதுங்கள். ஊமைத்துரையைச் சுமந்த தாய்க்கு அவ்வூர்களில் யாரேனும் ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். கூத்துக் குழுவினரிடம் கேளுங்கள்: கனவுப் பாட்டுக்கு அடுத்தபடியாக வெள்ளையம்மாள் என்ன பேசுகிறாள், யார் எழுதிக் கொடுத்த பேச்சு அது, அவளாக வேடம் கட்டி ஆடியவர் ஆணா பெண்ணா? கனவுப் பாட்டை நீக்கவேண்டாம் என்று நம் படிப்பகத்தில் முடிவாயிற்று. கொதித்தெழுந்த இளந்தோழர், இந்தக் கேள்விகளை எழுதிய தாளைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒட்டப்பிடாரத்துக்கு இருமுறை போய் வந்துவிட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முத்துப்பட்டன் கதையை எடுத்திருக்கிறோம். பார்ப்பனனான பட்டன், சக்கிலியர் குலத்து அக்காள் தங்கையான பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து மாண்ட கதை அது. சாதியை உடைத்த கதை என்று நம் மேடைகளில் பல முறை பேசியிருக்கிறார்கள். இரு பெண்களும் பட்டனோடு தீயில் இறங்குகிறார்கள். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படிக்க அளத்துப் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறார். இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பேன் என்ற நிபந்தனையோடு.